பழைய பட்டாள லாரிக்குப் பெரிய சக்கரம் பூட்டும் முறை

திசையன்விளை, ராதாபுரம் பக்கத்துத் தேரி எனப்படும் செம்மணல் மேட்டில் கோடைக்காலத்திலும், கயத்தாறு, சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசலில் ஐப்பசி மழையிலும் சாதாரண லாரி படும் பாட்டைப் பார்த்தவர்களுக்குப் பட்டாளத்து வண்டியின் அருமை நன்றாகத் தெரியும். ஜெர்மனியின் மேன் நிறுவன உரிமத்தில் ஜபல்பூரில் உருவான சக்திமான், நிஸான் உரிமத்தில் உருவான ஒன் டன், பின்னாளில் வந்த அசோக் லேலண்ட் ஸ்டாலியன் போன்ற வண்டிகள் படையிலிருந்து கழிக்கப்பட்டு, ஏலத்தில் கைமாறி, தண்ணீர்த் தொட்டி ஏற்றவும் பனந்தடி இழுக்கவும் நம் சீமைக்கு வந்து சேர்கின்றன. வண்டி வந்த சில நாட்களிலேயே, இதைவிடப் பெரிய சக்கரம் பூட்ட முடியுமா என்ற கேள்வியும் எழுந்துவிடுகிறது. பெரும்பாலான வண்டிகளில் முடியும். எவ்வளவு பெரியது, எந்த டிஸ்க்கில் (டயர் ஏறும் இரும்புச் சக்கரத்தில்), எதை விட்டுக்கொடுத்து என்பவற்றை டயர் வாங்குவதற்கு முன்பே அளந்து முடிவு செய்துவிட்டால், வேலை பாதி முடிந்ததாகக் கொள்ளலாம்.

முதலில், பெரிய சக்கரம் எதனால் மணலில் உதவுகிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். வண்டி உயர்ந்துவிடுவதால்தான் உதவுகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். உயரம் ஓரளவு உதவும் என்பது உண்மையே. ஆயினும், டயர் தரையை அழுத்தும் அழுத்தம் ஏறத்தாழ அதனுள் இருக்கும் காற்றின் அழுத்தத்தை ஒட்டியே இருக்கும் என்பதுதான் இங்கே முக்கியம். பெரிய டயரில் காற்றின் கொள்ளளவு மிகுதி என்பதால், அதே பாரத்தைக் குறைந்த அழுத்தத்தில் தாங்க முடிகிறது. அழுத்தம் குறையும்போது டயர் தரையில் பதியும் பரப்பு விரிகிறது. விரிந்த பரப்பு மணலில் புதைவதில்லை. ஆகவே பெரிய டயரைப் பூட்டிவிட்டுப் பழைய டயருக்கு நிரப்பிய அதே பவுண்டு காற்றை நிரப்பி ஓட்டுபவர், செலவழித்த பணத்தின் பலனைப் பெரும்பகுதி இழந்துவிடுகிறார்.

எவ்வளவு பெரியது

பட்டாள லாரிகளில் 20 அங்குல டிஸ்க் பரவலாக இருப்பதால் அதையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். டயரின் பக்கச்சுவரில் 11.00-20 என்று இருந்தால் முதல் எண் டயரின் அகலத்தையும் இரண்டாவது எண் டிஸ்க்கின் விட்டத்தையும் அங்குலத்தில் குறிக்கின்றன. 9.00-20 டயரின் மொத்த விட்டம் சுமார் 1,020 மி.மீ., 10.00-20 சுமார் 1,055, 11.00-20 சுமார் 1,085, 12.00-20 சுமார் 1,125, 14.00-20 சுமார் 1,250. தயாரிப்பாளருக்கும் பட்டன் (தரையில் படும் ரப்பர் மேடு) அமைப்புக்கும் ஏற்ப இந்த அளவுகள் சில மில்லிமீட்டர் முன்பின்னாக வேறுபடும்.

11.00-20 பூட்டிய வண்டியில் 12.00-20 பூட்டினால் சக்கரம் 4 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகவே பெரிதாகிறது. ஆக்சில் 20 மி.மீ. உயர்கிறது. 14.00-20 பூட்டினால் சக்கரம் 15 சதவீதம் பெரிதாகிறது. ஆக்சில் 80 மி.மீ.க்கு மேல் உயர்கிறது. இந்தப் 15 சதவீதம் கியர்ப்பெட்டியிலும் பிரேக்கிலும் நேரடியாகக் கணக்கில் ஏறும். எஞ்சினும் கியர்களும் மாறவில்லை என்பதால், சக்கரம் தரையை உதைக்கும் விசை 13 சதவீதம் குறைகிறது. புளியரைக் கணவாய் ஏற்றத்தில் மூன்றாவது கியரில் ஏறிக்கொண்டிருந்த வண்டி இரண்டாவதுக்கு இறங்கும். பிரேக் டிரம்மும் மாறவில்லை. எனவே பெடலை அதே பலத்துடன் மிதித்தால் தரையில் கிடைக்கும் பிடியும் அதே 13 சதவீதம் குறையும். இறக்கத்தில் பாரத்தோடு வரும்போது இந்தக் குறைவு காலுக்கே தெரியும்.

இவற்றுடன் ஆக்சில் ஷாஃப்ட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சேற்றில் சிக்கிய சிறிய சக்கரம் சுழன்று வழுக்கிவிடுவதால் ஷாஃப்ட் தப்பித்துக்கொள்கிறது. அகலமும் விட்டமும் மிகுந்த சக்கரம் வழுக்காமல் கவ்விக்கொள்ளும்போது முழு முறுக்கும் ஷாஃப்ட்டின் மீதும், ஆக்சிலின் நடுவில் அதைச் சுழற்றும் பற்சக்கரங்களான கிரௌன் பினியன் மீதும் விழுகிறது. உதிரிபாகம் எளிதில் கிடைக்காத வண்டியில் பினியன் பல் உடைந்தால் வண்டி மாதக்கணக்கில் நின்றுவிடும். இவை அனைத்தையும் சீர்தூக்கிப் பார்க்கும்போது, தோட்டத்துக்கும் தார்ச்சாலைக்கும் இடையே ஓடும் வண்டிக்கு ஒரு படி மட்டும் பெரிய டயர் போதும் என்பதே என் கருத்து. அதே வண்டி வகையில் 14.00-20 சக்கரத்தோடு தொழிற்சாலையிலிருந்தே வந்த மாதிரி ஒன்று இருந்து, அதன் ஆக்சிலும் ஸ்டியரிங்கும் உங்கள் வண்டியில் உள்ளவற்றோடு ஒத்திருந்தால் மட்டுமே பெரிய தாவலை எண்ணிப் பார்க்கலாம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் முன்னால் ஓர் அளவு, பின்னால் ஓர் அளவு என்று பூட்டவே கூடாது. ஃபோர் வீல் போட்டவுடன் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒரே எண்ணிக்கையில் சுற்ற வேண்டியிருப்பதால், அளவு வேறுபாடு முழுவதும், எஞ்சின் விசையை இரண்டு ஆக்சிலுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில் முறுக்காகத் தேங்கி அதன் பற்களைத் தின்றுவிடும். புதியதும் தேய்ந்ததும் கலந்து பூட்டினாலும் இதே கதிதான். முழுக் காற்றோடு ஒவ்வொரு டயரின் நடுப்பட்டனைச் சுற்றியும் துணி நாடாவால் அளந்து, சுற்றளவு வேறுபாடு 20 மி.மீ.க்கு மிகாமல் தேர்ந்தெடுப்பதை நான் வழக்கமாக வைத்திருக்கிறேன். ஆகவே வாங்கும்போது ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தும் ஒரே அளவாக வாங்க வேண்டும்.

ஹப்பில் எடுக்க வேண்டிய அளவுகள்

டயர் பொருந்துமா என்பதற்கு முன்னால் டிஸ்க் பொருந்துமா என்று பார்க்க வேண்டும். 11.00-20 டயருக்கு 8 அங்குல அகல ரிம் (டிஸ்க்கில் டயர் அமரும் வெளிவளையம்), 12.00-20 டயருக்கு 8.5, 14.00-20 டயருக்கு 10 என்பது பொது அளவு. பழைய 8 அங்குல ரிம்மில் 14.00 டயரைத் திணித்தால் பக்கச்சுவர் உள்வாங்கி, பட்டனின் நடுப்பகுதி மட்டும் தரையில் படும். வளைவில் டயர் பக்கவாட்டில் சாயும். எனவே பெரிய தாவலுக்கு டிஸ்க்கும் மாற வேண்டும். இன்றைய லாரிகளின் 22.5 அங்குல டியூப்லெஸ் டயர் 20 அங்குல டிஸ்க்கில் எவ்வகையிலும் உட்காராது.

பழைய சக்கரம் ஒன்றைக் கழற்றி வைத்துவிட்டு, ஆக்சில் முனையில் சக்கரம் பூட்டப்படும் ஹப்பில் நான்கு அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். போல்ட்டுகளின் எண்ணிக்கை முதலாவது. இரண்டாவது, போல்ட் வட்டத்தின் விட்டம்: இரட்டைப்படையாக உள்ள ஹப்பில், ஒரு போல்ட்டின் உள்விளிம்பிலிருந்து நேர் எதிரே உள்ள போல்ட்டின் வெளிவிளிம்பு வரை அளந்தால் நடுவிலிருந்து நடு வரை உள்ள அளவு அப்படியே கிடைத்துவிடும். மூன்றாவது, டிஸ்க்கின் நடுத்துளை உட்காரும் ஹப் கழுத்தின் விட்டம். நான்காவது, போல்ட்டின் தடிமனும் மரையின் அளவும். இன்று பரவலாக உள்ள சர்வதேச அளவில் 10 போல்ட் சக்கரத்துக்கு வட்டம் 335 மி.மீ., நடுத்துளை 281 மி.மீ.; 8 போல்ட் சக்கரத்துக்கு 275, 221. பழைய பட்டாள வண்டி இந்த அளவுக்குள் அடங்கும் என்று நம்பிவிடக் கூடாது. அங்குலக் கணக்கில் அமைந்த ஹப்புகளில் 285.75 மி.மீ. போன்ற வட்டமும் உண்டு. சில மில்லிமீட்டர்தானே வேறுபடுகிறது என்று டிஸ்க்கின் துளைகளை லேத்திலோ கேஸ் கட்டரிலோ நீள்வட்டமாக்கிப் பூட்டும் பழக்கத்தை உறுதியாக மறுத்துவிடுங்கள். துளை அகன்ற டிஸ்க் ஓட்டத்தில் நட்டைத் தளர்த்திக்கொண்டே இருந்து, கடைசியில் போல்ட்டுகளை வரிசையாக அறுத்துவிடும்.

நட்டின் முகத்தையும் பார்க்க வேண்டும். சில சக்கரங்களில் நட்டு கூம்பாகவோ உருண்டையாகவோ இருந்து, டிஸ்க்கின் குழிவில் அமர்ந்து சக்கரத்தை நடுப்படுத்துகிறது. வேறு சிலவற்றில் நடுப்படுத்தும் வேலையை ஹப் கழுத்தே செய்துவிட, தட்டை வாஷர் உள்ள நட்டு இறுக்குவதற்கு மட்டும் பயன்படுகிறது. ஒன்றின் நட்டை மற்றொன்றின் டிஸ்க்கில் போட்டால், எவ்வளவு இறுக்கினாலும் சக்கரம் நடுவில் நிற்காது. டிஸ்க் எந்த வண்டியிலிருந்து வந்ததோ அந்த வண்டியின் நட்டையும் சேர்த்து வாங்கி, அது நம் போல்ட்டின் மரையில் ஓடுகிறதா என்று கையாலேயே சுற்றிப் பார்க்க வேண்டும். பல பழைய லாரிகளில் இடப்பக்கச் சக்கரங்களுக்கு இடது மரை இருக்கும். போல்ட்டின் முனையை மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் துடைத்தால் சில வண்டிகளில் பொறித்த எழுத்து தெரியும். இதை அறியாமல் நீளக் குழாயைப் போட்டு எதிர்த்திசையில் மிதித்துப் போல்ட்டை முறிப்பவர்கள் உண்டு.

அடுத்தது டிஸ்க்கின் ஆழம். ஹப்பில் ஒட்டும் முகத்துக்கும் ரிம்மின் நடுக்கோட்டுக்கும் இடையே உள்ள தூரம் பழைய டிஸ்க்கிலும் புதிய டிஸ்க்கிலும் ஒன்றாக இருக்க வேண்டும். டிஸ்க்கைக் கவிழ்த்துப் படுக்கவைத்து, விளிம்பின் குறுக்கே நேரான சட்டம் ஒன்றை வைத்து, சட்டத்திலிருந்து முகம் வரை அளந்து, ரிம் அகலத்தில் பாதியோடு ஒப்பிட்டால் இந்தத் தூரம் தெரிந்துவிடும். சக்கரம் வெளியே தள்ளி நின்றால் ஹப் பேரிங்கின் வெளிப்பக்கத்தில் சுமை கூடுகிறது, ஸ்டியரிங் கனக்கிறது, பள்ளத்தில் விழும்போதெல்லாம் ஸ்டியரிங் கையை உதறுகிறது. உள்ளே தள்ளி நின்றால் டயர் ஸ்பிரிங் பட்டையிலோ டை ராடிலோ உரசும். இடையில் ஸ்பேசர் வைத்துச் சரிக்கட்டுவதை, பாரம் ஏற்றும் வண்டிக்கு நான் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை.

காகித வேலை

பணம் கொடுப்பதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிட வேண்டும். பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்த அசல் விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. சரக்கு வண்டியின் பதிவில் டயரின் அளவும் இடம்பெறுகிறது. படையிலிருந்து கழித்த வண்டிக்கு 21-ஆம் எண் படிவத்தில் அசல் விற்பனைச் சான்று இருக்க வேண்டும். அது இல்லாத வண்டிக்குச் சக்கரம் தேடுவதே வீண். பூட்டிய பின் வண்டியின் மொத்த அகலம் 2.6 மீட்டரைத் தாண்டக் கூடாது. காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்து மூலம் தெரிவித்துவிடுங்கள்.

கழிவுச் சக்கரத்தைத் தேர்ந்தெடுத்தல்

கழிவுச் சரக்கில் டயரின் பட்டனைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. கிடங்கில் ஸ்டெப்னியாகவே கிடந்த டயரில் பட்டன் முழுமையாக இருக்கும். ரப்பர் மட்டும் காய்ந்து வெடித்திருக்கும். பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் பொறித்திருப்பார்கள். 3718 என்றால் 2018-ஆம் ஆண்டின் 37-ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000-க்கு முந்தையது. விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடலாம். பட்டன் இடுக்குகளை விரித்தும், பக்கச்சுவரைக் கட்டை விரலால் அழுத்தியும், வெடிப்பினுள் நூல் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். உள்பக்கத்தைக் கைவிளக்கு வைத்துச் சுற்றிலும் பார்த்தால் பழைய ஒட்டுகளும் மடிப்புக் கோடுகளும் தெரியும். காற்றின்றி ஓடிய டயரின் உட்சுவரில் ரப்பர் பொடியாக உதிர்ந்து கையில் கருமையாக ஒட்டும். அப்படிப்பட்டதை வாங்க வேண்டாம். பக்கச்சுவரில் உள்ள பிளை எண்ணும் (டயரின் வலிமையைக் குறிக்கும் அடுக்கு எண்) பாரக் குறியீடும் பழைய டயரைவிடக் குறைவாக இருக்கக் கூடாது.

திசையற்ற தடித்த பட்டன் உள்ள பட்டாள டயர் சேற்றில் நன்றாகப் பிடித்தாலும், மழை நனைந்த தார்ச்சாலையில் எளிதில் வழுக்கும். வாரத்தில் பெரும்பாலான நாட்கள் நான்குவழிச் சாலையில் ஓடப்போகும் வண்டிக்கு இது ஏற்றதன்று.

டியூபும், டியூபுக்கும் ரிம்முக்கும் இடையே வரும் ரப்பர் பட்டையான ஃபிளாப்பும் எப்போதும் புதியவையாகவே இருக்கட்டும். 12.00 டயருக்கு 11.00 டியூபைப் போட்டால் அது இழுபட்டு மெலிந்து, உடைமுள் கீறிய இடத்தில் ஓட்டை விழுவதற்குப் பதிலாகக் கிழிந்தே போகும்.

டிஸ்க்கில் பார்க்க வேண்டியது அதன் வளையங்களை. பழைய 20 அங்குல டிஸ்க் பொதுவாக மூன்று துண்டுகளாக இருக்கும்: அடி ரிம், டயரின் விளிம்பைத் தாங்கும் பக்க வளையம், அதைப் பிடித்து நிறுத்தும் லாக் வளையம். மூன்றிலும் அளவும் தயாரிப்பு எண்ணும் பொறித்திருக்கும். மூன்றும் ஒரே குடும்பமாக இருக்க வேண்டும். ஒன்றில் உட்காருவது போலத் தோன்றினாலும் வேறு டிஸ்க்கின் வளையத்தைக் கலக்கக் கூடாது. வளைந்த வளையம், வெல்டிங் வைத்த வளையம், துரு அரித்துப் பள்ளம் விழுந்த லாக் பள்ளம் ஆகிய எதையும் ஏற்க வேண்டாம். சில பட்டாளச் சக்கரங்களில் டிஸ்க்கே இரண்டு பாதிகளாக இருந்து, ரிம்மை ஒட்டிய ஒரு வரிசை நட்டுகளால் இணைக்கப்பட்டிருக்கும். அவை சக்கரத்தை ஹப்பில் பூட்டும் நட்டுகள் என்று நினைத்துக் காற்றோடு கழற்றினால் உயிருக்கே ஆபத்து. அந்த நட்டுகளுக்குச் சிவப்பு வண்ணம் பூசி வைப்பது நல்லது.

டயர் ஏற்றுதலும் காற்று நிரப்புதலும்

இந்த வேலையில் ஆளைக் கொல்லக்கூடிய முக்கியமான இடம் இது என்பதால் விரிவாகவே சொல்கிறேன். லாரி டயரில் 80 அல்லது 100 பவுண்டு காற்று நிற்கும்போது பக்க வளையத்தைப் பல டன் விசை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. லாக் வளையம் பள்ளத்தில் முழுமையாக அமராமல் இருந்தால் அந்த விசை வளையத்தைத் துப்பாக்கிக் குண்டு போல எறியும். சாலையோரப் பஞ்சர் கடைகளில் வளையப் பக்கத்தைத் தரையை நோக்கிக் கவிழ்த்தோ, டிஸ்க் துளையில் கடப்பாரையைச் செருகியோ காற்றடிக்கிறார்கள். கவிழ்த்து வைத்த சக்கரமே மேலே எழும்பித் தாக்கியிருக்கிறது. தடித்த இரும்புக் குழாயால் வெல்டிங் செய்த கூண்டு உள்ள கடையைத் தேடிப் போங்கள். இல்லையென்றால் ஒன்று செய்துகொள்ளுங்கள். அதற்கு ஆகும் செலவு ஒரு டயரின் விலைக்குள் அடங்கிவிடும்.

பழைய சக்கரத்தைப் பிரிக்கும் முன் வால்வினுள் இருக்கும் ஊசியை முழுவதுமாகக் கழற்றி, காற்று இறங்கிய பின் ஒரு மெல்லிய கம்பியை உள்ளே விட்டு அடைப்பு இல்லை என்பதையும் உறுதி செய்ய வேண்டும். பிரித்த ரிம்மில் வளையம் அமரும் இடத்தைக் கம்பித் தூரிகையால் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்துத் துருவை நீக்குங்கள். டயரின் உட்புறத்தைத் துடைத்து, டியூபின் மேல் டால்கம் பவுடர் தூவி, சிறிதளவு காற்றோடு உள்ளே வைத்தால் மடிப்பு விழாது. ஃபிளாப்பின் துளையும் வால்வும் நேராக நிற்க வேண்டும். டயர் விளிம்பில் சோப்புக் கரைசல் தடவலாம்; கிரீஸோ டீசலோ தடவக் கூடாது.

வளையங்களைப் போட்டபின் 10 பவுண்டு காற்று மட்டும் விட்டு நிறுத்துங்கள். லாக் வளையத்தின் மேல் விரலை ஓட்டிச் சுற்றிலும் பாருங்கள்: வளையம் எல்லா இடத்திலும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும், அதன் இரண்டு முனைகளுக்கும் இடையே சிறு இடைவெளி தெரிய வேண்டும், ஒரு முனை மற்றொன்றின் மேல் ஏறியிருக்கக் கூடாது. ஓரிடத்தில் தூக்கலாகத் தெரிந்தால் சுத்தியலால் தட்டி உட்காரவைக்கும் ஆசை வரும். காற்று உள்ளே இருக்கும்போது தட்டவே வேண்டாம். முழுக் காற்றையும் இறக்கி, பிரித்து, மீண்டும் பூட்டுவதே முறை. சரியாக அமர்ந்ததும் சக்கரத்தைக் கூண்டுக்குள் வைத்து, நீளமான குழாயின் முனையில் உள்ள கிளிப்பை வால்வில் மாட்டிவிட்டு, பட்டன் பக்கமாகத் தள்ளி நின்று காற்றை ஏற்றுங்கள். வளையத்துக்கு நேரே ஒருவரும் நிற்கக் கூடாது.

வண்டியில் பூட்டுதல்

வண்டியைச் சிமெண்ட் தளத்தில் நிறுத்த வேண்டும். வயலில்தான் செய்ய வேண்டும் என்றால் ஜாக்கியின் அடியில் தடித்த பலகை வேண்டும். ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பித் தூக்காதீர்கள். பல பட்டாள லாரிகளில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லாமல் புரொபெல்லர் ஷாஃப்ட்டைப் பிடிக்கும்படி இருக்கும். அதில் பின்பக்கம் ஒரு சக்கரத்தைத் தூக்கியவுடன், டிஃபரன்ஷியல் வழியாக அந்தச் சக்கரம் சுழன்று இடம் கொடுத்துவிட, தரையில் உள்ள சக்கரம் உருளத் தொடங்கும். எனவே தரையில் இருக்கும் எல்லாச் சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுத்த பிறகே ஜாக்கியைத் தொட வேண்டும். வண்டியைத் தூக்குவதற்கு முன்பே நட்டுகளைக் கால் சுற்றுத் தளர்த்திவிட்டு, தூக்கியபின் ஆக்சிலின் அடியில் இரும்புத் தாங்கியோ அடுக்கிய மரக்கட்டையோ கொடுங்கள். செங்கலும் ஹாலோ பிளாக்கும் ஆகாது.

இனிச் சொல்லப்போவதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. கழிவு டிஸ்க்குகளில் ஒன்றின் மேல் ஒன்றாகப் பல அடுக்குப் பச்சை வண்ணம் பூசியிருப்பார்கள். ஹப்பில் ஒட்டும் முகத்தை உளியால் சுரண்டினால், பச்சைக்கு அடியில் மங்கிய மண் நிறம், அதற்கும் அடியில் செந்துருப் பூச்சு என்று தடித்த செதில்களாக எழும். அந்த அடுக்குகளை அப்படியே விட்டு நட்டை இறுக்கினால், ஓட்டத்தின் சூட்டிலும் அதிர்விலும் வண்ணம் நசுங்கித் தேய்ந்து, எவ்வளவு இறுக்கியிருந்தாலும் நட்டு தளர்ந்துவிடும். டிஸ்க்கின் முகம், நட்டு அமரும் குழிவு, ஹப்பின் முகம் ஆகிய மூன்றையும் இரும்பு தெரியும்வரை சுரண்டி, மெல்லிய ஒரு பூச்சுக்கு மேல் பூசாமல் பூட்ட வேண்டும்.

சக்கரம் நூறு கிலோவுக்கு மேல் எடை உள்ளது. இரண்டு கடப்பாரையை அடியில் கொடுத்து நெம்பி நகர்த்தி, ஹப்பின் உயரத்தை ஜாக்கியால் சரிசெய்து ஏற்றலாம். முதுகால் தூக்க வேண்டாம். நட்டுகளைக் கையால் ஓட்டி, பிறகு எதிரெதிராக மாற்றி மாற்றி, இரண்டு மூன்று சுற்றாக இறுக்க வேண்டும். இறுதி இறுக்கம் சக்கரத்தைத் தரையில் இறக்கிய பிறகே. எவ்வளவு இறுக்கம் என்பதற்கு வண்டியின் பராமரிப்பு நூலே அளவு; 22 மி.மீ. போல்ட் உள்ள இன்றைய லாரிகளில் இது 600 நியூட்டன் மீட்டரை ஒட்டி இருக்கும். 60 கிலோ எடையுள்ளவர், ஒரு மீட்டர் நீளக் குழாயின் முனையில், குழாய் கிடைமட்டமாக இருக்கும்போது தன் முழு எடையையும் ஏற்றினால் ஏறத்தாழ இந்த இறுக்கம் கிடைக்கும். டார்க் ரெஞ்ச் கிடைக்காத இடத்தில் இந்தக் கணக்கு உதவும். ஒவ்வொரு நட்டின் மேலிருந்தும் டிஸ்க் வரை ஒரு வெள்ளைக் கோடு வரைந்துவிட்டால், பின்னால் நட்டு அசைந்ததா என்பது ஒரே பார்வையில் தெரியும்.

உரசலைச் சோதித்தல்

சமதளத்தில் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுவதுமாக வளைத்துப் பார்ப்பது தொடக்கச் சோதனை மட்டுமே. வண்டி பள்ளத்தில் இறங்கும்போதுதான் உண்மை வெளிப்படும். குளத்துக் களிமண்ணைப் பிசைந்து, உரசல் வரலாம் என்று தோன்றும் இடங்களிலெல்லாம், அதாவது மட்கார்டின் உள்வளைவு, ஸ்பிரிங் பட்டையின் பக்கம், டை ராட், படிக்கட்டின் பின்முனை, டீசல் டாங்கின் விளிம்பு ஆகியவற்றில் கைப்பிடி அளவு ஒட்டுங்கள். பிறகு பாரம் ஏற்றி, முன்சக்கரம் ஒன்றை 30 செ.மீ. உயரமான உறுதியான மேட்டில் ஏற்றி, ஸ்டியரிங்கை முழுவதும் வளைத்து, இறக்கி, மறுபக்கமும் அதுபோலவே செய்யுங்கள். டயர் பட்ட களிமண் நசுங்கியிருக்கும். படாததன் தடிமனை அளந்தால் மிஞ்சும் இடைவெளி தெரியும். ஸ்டியரிங், பிரேக் உறுப்புகளிலிருந்து குறைந்தது 30 மி.மீ. இடைவெளி வேண்டும். குறைந்தால் ஸ்டியரிங் நிறுத்து போல்ட்டை வெளியே எடுத்து வளைவைக் குறைத்துக்கொள்ளலாம். வண்டி திரும்பக் கூடுதல் இடம் கேட்கும், அவ்வளவே. வளைவைக் கூட்டும் திசையில் மட்டும் அந்தப் போல்ட்டைத் தொடக் கூடாது. முன் ஆக்சிலின் ஜாயின்ட் உடையும். இதே சோதனையின்போது பிரேக் ஹோஸ் விறைத்து நிற்கிறதா என்றும் குனிந்து பாருங்கள்.

ஓட்டத் தொடங்கியபின்

முதல் 50 கிலோமீட்டரிலும் அடுத்து 100 கிலோமீட்டரிலும் எல்லா நட்டுகளையும் மீண்டும் இறுக்கிப் பார்க்க வேண்டும். ஹப்பைப் புறங்கையால் தொட்டுப் பார்த்து, ஒன்று மட்டும் சூடாக இருந்தால் பேரிங்கைக் கழற்றிப் பாருங்கள்.

ஸ்பீடாமீட்டர் இனிக் குறைத்துக் காட்டும். நாங்குநேரியிலிருந்து தெற்கே செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44-இன் கிலோமீட்டர் கற்களை வைத்து 10 கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தால் சரியான விகிதம் கிடைத்துவிடும். 11.00-இலிருந்து 14.00-க்கு மாறிய வண்டியில் மீட்டர் ஏறத்தாழ 8.7 கிலோமீட்டர் ஓடியதாகவே காட்டும். முள் 60-இல் நிற்கும்போது வண்டி 69-இல் போய்க்கொண்டிருக்கும். எண்ணெய் மாற்றும் கணக்கையும் இதற்கேற்பத் திருத்திக்கொள்ளுங்கள். பிரேக்கை வெறும் வண்டியிலும் பாரத்தோடும் வெறிச்சோடிய சாலையில் சோதித்து, லைனிங்கின் இடைவெளியைச் சரிசெய்த பிறகே சரக்கு ஏற்ற வேண்டும். பெரிய சக்கரம் போட்டதற்காகப் பாரத்தைக் கூட்டக் கூடாது. தண்ணீர்த் தொட்டி ஏற்றிய வண்டியின் எடைமையம் இப்போது மேலே போயிருக்கிறது. பாதி நிரம்பிய தொட்டியில் தண்ணீர் அலையடிக்கும். பணகுடி, காவல்கிணறு, முப்பந்தல் பகுதியில் ஆடிக் காற்று பக்கவாட்டில் அறையும்போது இந்த இரண்டும் சேர்ந்துகொள்ளும் என்பதால், தொட்டியை நிரப்பி ஓட்டுங்கள் அல்லது காலியாக ஓட்டுங்கள், வேகத்தையும் குறையுங்கள்.

தார்ச்சாலையில் ஓட்டுநர் அறைத் தகட்டில் குறித்த அழுத்தத்தை அடிப்படையாகக் கொண்டு, டயர் தயாரிப்பாளரின் பார அட்டவணைப்படி காற்றை வையுங்கள். தேரிக்குள் நுழையும் முன் அதில் பாதி வரை இறக்கலாம். அப்போது வேகம் 20 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது, திருப்பமும் மெதுவாகவே இருக்க வேண்டும். காற்றுக் குறைந்த டியூப் டயர் ரிம்மின் மேல் மெல்ல நழுவி வால்வை இழுத்து அறுக்கும் என்பதால், டயரிலிருந்து ரிம் வரை சாக்குக்கட்டியால் ஒரு கோடு போட்டு வைத்து, கோடு விலகினால் உடனே நிறுத்திக் காற்றை ஏற்றுங்கள். மீண்டும் தார்ச்சாலையில் ஏறும் இடத்திலேயே முழு அழுத்தத்துக்குக் காற்றை நிரப்பி, ஃபோர் வீலையும் எடுத்துவிட வேண்டும். அதற்கு எஞ்சினோடு இணைந்த கம்ப்ரஸரோ தனிக் கம்ப்ரஸரோ வண்டியிலேயே இருப்பது அவசியம்.

ஸ்டெப்னி தாங்கியில் பெரிய சக்கரம் பெரும்பாலும் அடங்காது. கேபினின் பின்னால் புதிய தாங்கி அமைக்கும்போது, சக்கரத்தை இறக்க ஒரு சிறு கைவின்ச்சையும் சேர்த்து அமையுங்கள். பழைய ஜாக்கியின் உயரமும் போதாமல் போகலாம். 14.00-20 பூட்டிய வண்டியில் ஆக்சில் 80 மி.மீ. உயர்ந்திருப்பதால், ஜாக்கியின் அடியில் வைக்க அதே தடிமனுள்ள தேக்குக் கட்டை ஒன்றையும், வீல் ஸ்பேனருக்கு ஏற்ற ஒரு மீட்டர் குழாயையும் வண்டியிலேயே கட்டிவைத்துவிடுங்கள்.